பேய் யாரைப் பிடித்தது

அன்று எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி நான், என் மனைவி கோமதி, தம்பி உலகநாதன், அவனுடைய சிநேகிதன் குலசேகரன் ஆகிய நால்வர் இருந்தோம். நாங்களே உருவாக்கிய பேய் விளையாட்டுக்கு விதிமுறை தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

நான் எழுதிய விதிப்படி, பகடையில் ஆறு விழுந்தவரைப் பேய் பிடிக்கும். குலசேகரன் கொண்டுவந்த விதியில் பகடையே இல்லை. ஆளுக்கொரு பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், அது நாடியைப் பார்த்து, மிகவும் பயந்தவரின் பெயரைச் சொல்லும். போலீசும் கல்யாணத் தரகரும் இப்போது அந்தப் பட்டையைத்தான் நம்புகிறார்கள்.

"ஒருதடவ ஆடிப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம் அண்ணாச்சி," என்றான் தம்பி.

நால்வரும் பட்டையைக் கட்டிக்கொண்டதும், குலசேகரன் பாழடைந்த மருத்துவமனையின் கதையைச் சொன்னான். கதையில் பிணவறைக் கதவு திறந்ததும் கோமதி வீறிட்டு அவன் கையைப் பிடித்தாள். பிறகு சிரித்தாள், கையை விடவில்லை. கல்யாணமான நாள் முதல் நான் சொன்ன பேய்க்கதைகளுக்கெல்லாம் அவள் கொட்டாவிதான் விட்டிருக்கிறாள்.

பட்டை என் பெயரைச் சொன்னது.

"ஏங்க, இவ்வளவு பெரிய மீசைய வச்சுக்கிட்டு இப்படியா நடுங்குவீங்க?" என்றாள் கோமதி.

"தப்பாச் சொல்லுதோ அண்ணாச்சி?" என்று குலசேகரன் மரியாதையாகக் கேட்டான். "தப்புன்னா சொல்லுங்க, உங்க பகடையவே வச்சுக்கிடுவோம்."

தப்பென்றால் காரணம் சொல்ல வேண்டும்.

"சரியாத்தான் சொல்லுது," என்றேன். அவன் விதியே தேர்வானது.

நான் பேய்க்குப் பயந்தவன் என்று இப்போது உறவினர் எல்லோரும் பேசுகிறார்கள். அது உண்மையல்ல. எங்கள் குடும்பத்தில் எவரும் பேய்க்குப் பயந்ததில்லை. நான் பொறாமைப்பட்டேன்.