பத்துப் பேர் சொன்னது

“இந்த நர்சம்மா ஊசி போட்டா கை ரெண்டு நாளு வீங்கிக்கினு கீது. மூஞ்சில சிரிப்பே கெடையாது” என்றாள் ஆறாம் கட்டில் ஹாஜிரா பீ.

வார்டு வாசலுக்கு வெளியே நின்றிருந்த நர்ஸ் தங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில்தான் இதே ஹாஜிரா பீ, “நீ ஊட்டினாத்தான் துன்னுவேன்” என்று அடம்பிடித்து அவள் கையால் இட்லி வாங்கித் தின்றாள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும் என்பது சரிதான்.

எழுபதுகளில் மயிலாப்பூரின் அந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. தற்காலிக நர்சை நிரந்தரமாக்கும் முன், மேட்ரன் சரோஜாதேவி நோட்டோடு கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளிடம் விசாரிப்பார். எதற்கு விசாரிக்கிறார் என்று அவர்களுக்குச் சொல்ல மாட்டார். அந்த நர்சும் உள்ளே இருக்கக் கூடாது.

போன மாதம் வஜீஹாவின் முறை. வார்டே அவளை வாயாரப் புகழ்ந்தது. மறுநாளே வேலை நிரந்தரமாகி, மாடியில் பணக்காரர்களின் ஸ்பெஷல் வார்டுக்குப் போனவள், பிறகு கீழே இறங்கவே இல்லை.

தங்கமும் அந்த அதிர்ஷ்டத்தைத்தான் நம்பியிருந்தாள். மில் மூடியதால் வீட்டோடு கிடக்கும் கணவன், இரண்டு பிள்ளைகள். அபிராமபுரத்து ஒண்டுக்குடித்தனத்தில் அடுப்பு எரிவதே அவள் வேலையால்தான்.

மேட்ரன் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நொச்சிக்குப்பத்து ஜானு, மீன் கூவி விற்ற தொண்டையில் முழங்கினாள்.

“தண்ணி கேட்டா காது கேக்காத மாதிரி போய்க்கினே கீது. எப்பப் பாத்தாலும் சிடுசிடுப்பு!”

ஜானுவின் முதுகுப் புண்ணை ஒரு மாதமாக இரண்டு வேளையும் கழுவிக் கட்டுபவள் தங்கம்தான். விடிந்ததிலிருந்து உட்காராத கால்கள் கெஞ்சின. அழக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

பத்துக் கட்டிலும் முடிந்து மேட்ரன் வெளியே வந்தார்.

“ஒருத்தர் சொன்னா ஏதோ கோபம்னு விட்டுடுவேன் தங்கம். பத்துப் பேருமா பொய் சொல்வாங்க?”

“எதுல குறை வெச்சேன்னே தெரியலைம்மா.”

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. கமிட்டி விதி, நான் என்ன பண்ணட்டும்? நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்.”

நோட்டை நீட்டினார். தங்கம் கையெழுத்துப் போட்டாள். மேட்ரன் மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

பையை எடுக்க வார்டுக்குள் நுழைந்தாள் தங்கம். ஒருத்தி முகத்திலும் விழிக்கக் கூடாது என்ற வைராக்கியத்தில் தலையைக் குனிந்தே நடந்தாள். ஹாஜிரா பீ விடவில்லை, எட்டிக் கையைப் பிடித்தாள்.

“மேட்ரனம்மா பூட்டாங்களா?”

“போயிட்டாங்க.”

வார்டு முழுக்கக் குபீரென்று சிரிப்பு. ஜானு வலியைப் பொறுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“கோச்சிக்காத கண்ணு. மேட்ரனம்மா நோட்டோட வந்தா இப்டித்தான் சொல்லணும்னு பத்து பேரும் நேத்தே பேசி வெச்சிக்கினோம். நல்லவன்னு சொன்னதுக்குத்தானே அந்த வஜீஹாவ மேல தூக்கினு பூட்டாங்க?”

ஹாஜிரா பீ தங்கத்தின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

“இனிமே உன்ன எவளும் எங்ககிட்டேர்ந்து பிரிக்க முடியாது!”