அடிக்காத அலாரம்

"யோவ் கடக்காரரே, இதுவும் அடிக்கல!"

வேண்டா அந்த அலாரம் கடிகாரத்தைக் கண்ணாடி மேஜையின் மேல் வைத்த வேகத்தில், உள்ளே இருந்த கைக்கடிகாரங்கள் எல்லாம் ஓர் ஆட்டம் ஆடி அடங்கின.

திருவேங்கடத்துக்குப் பகீரென்றது. நேரம் பார்த்து வந்தாளே மகராசி! மதுராந்தகம் கடைத்தெருவில் அவர் கடை போட்டு இன்னும் ஒரு பொங்கல்கூடப் பார்க்கவில்லை. ஈ ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இன்றுதான் சடையப்பன் வந்து வாய்த்திருந்தார். அரிசி மில்காரர். மகள் கல்யாணத்துக்கு வருகிற உறவுக்காரர்களுக்கெல்லாம் வீட்டுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுக்கப் போகிறாராம். அந்த ஆர்டர் கிடைத்தால் கடை தலைநிமிர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான். மனிதர் இப்போது கடிகாரங்களை விட்டுவிட்டு வேண்டாவை வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"ஏம்மா, போன வாரந்தானே புதுசு மாத்திக் குடுத்தேன்?"

"குடுத்த. இன்னா பிரயோசனம்? மொதல்ல வாங்குனதும் அடிக்கல, மாத்துனதும் அடிக்கல. தோ நிக்குறா பாரு என் மருமவ, இவளுக்குச் செங்கல்பட்டுல வேல. காலைல ரயிலப் புடிக்கணும். அலாரம் அடிச்சாத்தானே எழுந்திருப்பா? பொழுது விடிஞ்சும் இவ தூங்கினு கீறா, நான் எழுந்து உலை வச்சி, ரயிலுக்கு இவள எழுப்பிகினு கீறேன். நல்லா கீதா இது?"

மருமகள் விஜயகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். புதுத் தாலி மஞ்சள் இன்னும் மங்கவில்லை. முகம் வெளிறி, மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்க இன்னாடி ஆடிகினு நிக்கிற? ஃபேனுக்குக் கீழ போய்க் குந்து!" என்று ஒரு அதட்டல் போட்டாள் வேண்டா. அந்தப் பெண் பயந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஐயோ பாவம், இப்படி ஒரு மாமியாரிடம் வந்து மாட்டிக்கொண்டதே என்று திருவேங்கடத்துக்கு மனசு கேட்கவில்லை. கடிகாரத்தை எடுத்து முள்ளைத் திருப்பினார். கடையே அதிரும்படி அடித்தது அது. தெருவில் போன சைக்கிள்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"நல்லா அடிக்குதேம்மா!"

"உன் கடையில அடிக்கும். எங்க வூட்ல அடிக்கல. பொய் சொல்றேன்ங்கிறியா?"

"சேச்சே! நான் அப்படிச் சொல்லலையே. சரி, இன்னொண்ணு மாத்தித் தரேன், எடுத்துட்டுப் போங்க."

விஜயகுமாரியின் முகம் மலர்ந்தது. "அதையே வாங்கிக்கலாம் அத்த. நான் எழுந்திரிக்காம நீங்க சமைக்கிறது எனக்குக் கேவலமா இருக்கு. எங்கம்மா காதுல விழுந்தா என்னைத் தொலைச்சிடுவாங்க."

"நீ வாய மூடு. இவரு மாத்திகினே இருப்பாரு, நாம பஸ்ஸுக்குக் காசு குடுத்து அலைஞ்சிகினே இருக்கணுமா? பேஜாரு!" வேண்டா திருவேங்கடத்தின் பக்கம் திரும்பினாள். "எங்க மாதர் சங்கத்துல ஒரு வக்கீலம்மா வந்து சொன்னாங்க. வாங்குன சாமான் சரியில்லன்னா மாத்திக் குடுக்கணும், மாத்துனதும் சரியில்லன்னா காசத் திருப்பிக் கேக்கலாம், அது நம்ம உரிமைன்னு. எனக்குக் கடியாரமே வோணாம். குடுத்த டப்பைத் திருப்பிக் குடு."

திருவேங்கடம் விழி பிதுங்கி நின்றார். பழுதே இல்லாத பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதா? முடியாது என்றால் இவள் கடைத்தெருவையே கூட்டிவிடுவாள். சடையப்பன் வேறு கையைக் கட்டிக்கொண்டு, இவன் என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். சரி, போனால் போகட்டும், பேராவது மிஞ்சட்டும். கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்து வேண்டாவின் கையில் வைத்தார்.

"என் கடைப் பொருளால உங்க வீட்டுல சண்டை வேணாம்மா. அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க."

வேண்டா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மருமகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

திருவேங்கடம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். சடையப்பன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஓடுற கடியாரத்துக்கே காசத் திருப்பிக் குடுக்குற ஆளு நீ. என் சம்பந்தி வூட்டுல ஒண்ணு நின்னு போனா, வுட்டுடவா போற? எல்லாத்தையும் உன்கிட்டயே எடுத்துக்கிறேன், எழுதிக்கோ அண்ணாத்த."

திருவேங்கடத்துக்குத் தலைகால் புரியவில்லை. மில்காரரின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். சந்தோஷத்தில் பேனாவைத் தேடினால், அது காதில் இருந்தது!

அப்போது வாசலில் நிழலாடியது. மறுபடியும் வேண்டா! திருவேங்கடம் எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். "இன்னும் என்னம்மா?"

அவள் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் விஜயகுமாரி மாங்காய்க் கீற்று வாங்கிக்கொண்டிருந்தாள். வேண்டா வாங்கிய பணத்தை அப்படியே மேஜை மேல் வைத்தாள்.

"இத உள்ள வை நைனா. பொய் சொல்லி வாங்குன டப்பு, பேரப்புள்ள வரப்போற வூட்டுக்கு ஆவாது."

"பொய்யா? அப்போ கடிகாரம்..."

"ரெண்டுமே ஊரையே எழுப்பும். மாசமா கீறவ, நல்லாத் தூங்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. படுத்துக்கோடின்னா இவ எங்க கேக்குறா, மாமியாருக்கு முன்னாடி எழுந்திருக்கணும்னு இவ அம்மா சொல்லி அனுப்பிட்டாளாம்." வேண்டா முதல்முறையாகச் சிரித்தாள். "நீ பாட்டுக்கு மூணாவதும் ஒண்ணு குடுத்துட்டா, தெனம் இவளுக்கு முன்னாடி எழுந்து அது தலையையும் நானில்ல நைனா அமுக்கணும்?"