கம்பளிக்குள்

மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள். வெளியே பட்டப்பகல். இருட்டு வேண்டும் என்று மகள் கோகிலவாணி கேட்டிருந்தாள்.

"இம்புட்டுப் படிச்சது பெத்தவங்கள மூட்டை கட்டவா?" என்றாள் அம்மா ஆண்டாயி.

மகள் கையில் புறஊதா டார்ச் இருந்தது. ஆய்வகத்தில் விண்கல்லின் மெல்லிய சீவலில் இப்படியொரு ஒளியைப் பாய்ச்சுவாள். உள்ளே இருக்கும் பாஸ்பேட் மணிகள் பதிலுக்குத் தங்கள் ஒளியை விடும். அதை நிறம் நிறமாகப் பிரித்து, அந்தக் கல்லுக்கு என்னென்ன நேர்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி.

அதை வீட்டில் புரியவைக்க ஒரு வழி தெரிந்தது. பல்லிலும் பாஸ்பேட் உண்டு. பல்லும் ஒளிரும்.

படிப்பு இன்னும் இரண்டு வருடம். தேயிலை விலை விழுந்து, கீழ் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டுகள் மூடிக்கொண்டிருந்தன. வீட்டில் கஷ்டம் என்று தெரிந்தால் படிப்பை விட்டுவிடுவதாக முடிவு செய்துதான் லீவில் வந்திருந்தாள்.

"நம்ம எஸ்டேட்டுல அன்னாடம் வேலை இருக்கு. நீ போ" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா காத்தமுத்து.

இப்போது கம்பளிக்குள் அவர் மூச்சில் பால் சேர்க்காத தேயிலைச் சாயத்தண்ணி வாசனை.

"ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டுச் சிரிங்க."

அம்மாவின் பற்கள் இளநீலமாக ஒளிர்ந்தன. வெற்றிலைக் கறை திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

அப்பா கண்ணை இறுக்கி, வாய் நிறையச் சிரித்தார். மேல்வரிசை நடுவில் இரண்டு பல் அளவுக்குக் கறுப்பு.

அவள் டார்ச்சை அணைத்துக் கம்பளியை விலக்கினாள். பகல் வெளிச்சத்தில் அந்த இரண்டு பல்லும் இருந்தன. மற்றவை போலவே வெள்ளையாக.

மலிவாகக் கட்டின பல் ஒளிராது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா, முன்பல்லு ரெண்டும் எப்பப் போச்சு?"

சிரிப்பு நின்றது. கண் திறக்கவில்லை.

ஆண்டாயிதான் சொன்னாள். எஸ்டேட்டை மூடிவிட்டார்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு மூட்டை தூக்கப் போனார். லாரிப் பலகையில் கால் வழுக்கி, மூட்டையோடு குப்புற விழுந்தார்.

"நீ வாறேன்னு சொன்னதும் ஓடிப் போயி பல்லு கட்டிக்கிட்டு வந்தாரு, புள்ள."

காத்தமுத்து கண்ணை மூடியபடியே இருந்தார்.

"லயத்து வீடுகள்ல இத்தனை பேரு பாத்தாங்க. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல" என்றார். "நல்ல படிப்புத்தான். போயி முடிச்சிட்டு வா."