சுவரில் மாட்டிய உதை

"இந்தக் குங்ஃபூ காமிக்ஸ் அத்தனையும் என் கைவேலை. என் அசிஸ்டென்ட் கட்டம் மட்டும்தான் போட்டான்," என்று கண்காட்சி மேடையில் அளந்துகொண்டிருந்தார் பிரபல ஓவியர்.

பழைய இதழ்களைக் கொடுத்து உதவியவள் அந்த அசிஸ்டென்ட்டின் மகள். ஓர் இதழில்கூட அப்பாவின் பெயர் கிடையாது. பல்லைக் கடித்தபடி எழுந்தாள்.

"ஐயா, நாற்பது வருஷம் முன்னாடி எல்லா முகத்தையும் நீங்களேதான் வரைஞ்சீங்களா?"

"ஒரு கோடுகூட மத்தவன் போட்டதில்லம்மா!"

"அப்ப இந்தப் படத்துக்குப் பக்கத்துல நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

வீரனிடம் தாடையில் உதை வாங்கும் வில்லனைச் சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கி அவள்தான் மாட்டச் சொல்லியிருந்தாள். ஓவியர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. வழுக்கையும் இரட்டைத் தாடையும் தொங்கும் காதும் அச்சு அசலாக அவரேதான்!

"அப்ப உங்களுக்கு முப்பது வயசு, தலை நிறைய முடி. உங்களையே கிழவனா வரைஞ்சு, இதழுக்கு இதழ் எதுக்கு ஐயா உதைச்சுக்கிட்டீங்க?"

அவர் அவசரமாகப் படத்தைவிட்டு விலகினார்.

பல வருஷங்களுக்கு முன், கோர்ட்டுக்குப் போகலாமென்று அவள் கெஞ்சியபோது, அப்பா தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"வேண்டாம்மா. அவனுக்கு வயசாகட்டும்."