நீர்யானைக்குப் பல் தேய்ப்பவர்

"உங்க வீட்டுக்காரர் இவ்வளவு பேசுவார்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றாள் பக்கத்து வீட்டு டீச்சர். பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போய்வந்த கையோடு சொன்ன செய்தி அது.

டெய்லரம்மா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"யார்கிட்ட பேசினார்?"

"நீர்யானைகிட்ட. அரை மணி நேரம், மூச்சு விடாம."

டெய்லரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷமாக அந்த மனுஷன் வீட்டில் பேசியதையெல்லாம் எழுதினால் அரைப் பக்கம் தேறாது. புதுப் புடவை கட்டி எதிரே நின்றாலும் "ம்". குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் "ம்". பிறவியே அப்படி என்று மனதைத் தேற்றி வைத்திருந்தாள். இப்போது பார்த்தால், பேச்சு வண்டி வண்டியாக இருக்கிறது. இவளுக்குத்தான் இல்லை.

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பியதும் பையில் நாலு புடவையைத் திணித்தாள். அண்ணன் வீட்டுக்குப் போவதென்று முடிவு. போகிற வழியில் அந்தச் சக்களத்தியையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று அவர் வேலை பார்க்கும் மிருகக்காட்சி சாலைக்கு டிக்கெட் எடுத்து உள்ளே நுழைந்தாள்.

நீர்யானைத் தொட்டியருகே நல்ல கூட்டம். கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு டன் எடையில் அது வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்குள் முழங்கை வரை கையை விட்டுப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார் அவர். உதடு மட்டும் ஓயவே இல்லை.

பையோடு ஒரு மரத்தை ஒட்டி நின்றாள். பக்கத்தில் ஒரு காவலாளி.

"ஏண்ணே, மிருகத்துகிட்ட என்ன அவ்வளவு பேச்சு? வேற வேலை இல்லையா?"

"வேலையே அதாம்மா. பழகின குரல் காதுல விழுந்துக்கிட்டே இருந்தாத்தான் அது வாயைத் திறந்து வச்சிருக்கும். பேச்சு நின்னுச்சு, டக்குனு மூடிடும். அப்புறம் கை இருக்காது."

"அப்படி என்னதான் பேசுவார்?"

"எதுவா இருந்தா அதுக்கு என்ன? இன்னொருத்தர் பேப்பர் படிச்சுக் காட்டுவார். இவருக்கு எப்பவும் ஒரே கதைதான். எங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. கேளுங்களேன்."

காதைத் தீட்டிக்கொண்டாள் டெய்லரம்மா.

"அப்படித்தான் குண்டம்மா, இன்னும் கொஞ்சம் திற. எதுல விட்டேன்? ஆங், போன வாரம் அவளுக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் டெஸ்ட்டு. 'நீங்களும் வாங்களேன்'னு கேட்டா. வேலை இருக்குன்னுட்டேன். நான் எதிர்ல நின்னா பதறிப்போய் காலை ஊனிடுவா. அதான் லீவு போட்டுட்டு ஒரு லாரிக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பார்த்தேன். எட்டுப் போட்டா பாரு, ஒரு தடவைகூட கால் தரையில படலை. நாப்பத்தஞ்சு வயசுல யாருக்கு வரும்? 'நீ நல்லா ஓட்டினே'ன்னு அவகிட்ட சொல்லணும்னு தினமும் நினைச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். அவ முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகுது. சரி, கடைவாயைக் காட்டு. இன்னொண்ணு சொல்றேன் கேளு, அவ தைச்ச சட்டைதான் இது..."

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அண்ணன் வீடு மறந்தே போயிற்று.

"இங்கிருந்து சரியாக் கேக்காதும்மா. முன்னாடி போய் நில்லுங்க" என்று வழிவிட்டார் காவலாளி.

"வேணாம்ணே. என்னைப் பார்த்தா அவருக்குப் பேச்சு நின்னுடும்" என்று மரத்துக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டாள் டெய்லரம்மா.