இடது கால் செருப்பு

“காட்சி கண்ட கதையை மட்டும் அங்கை எடுக்காதை, யூலியானா. விசரி எண்டு எழுதி எங்களை அனுப்பிப்போடுவினம்.”

சுவிற்சர்லாந்தின் லுசேர்ணில் ரயில் ஏறியதிலிருந்து அம்புறோஸ் மனைவியிடம் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான். எண்பத்தாறாம் ஆண்டு. பைத்தியம் என்று திருப்பி அனுப்பினால் யாழ்ப்பாணத்தில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

போன மாதம் காய்ச்சலில் அவள் சாகக் கிடந்தபோது, பாதிரியார் வந்து முகத்துக்கு நேரே சிலுவையைப் பிடித்தார். யேசுவின் நெற்றியிலிருந்து இரத்தம் வடிகிறது என்று அலறினாள். அறுநூறு வருடத்துக்கு முன் யூலியானா என்றொரு துறவியும் நோயில் கிடந்து இதையேதான் கண்டாராம். பாதிரியார் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து இவள் வாயைத் திறந்தால் காட்சிதான்.

சுகமில்லாதவள் என்பதால் அகதி விசாரணைக்கு அவனையும் உள்ளே விட்டார்கள். அங்கே இன்னொரு பயம் உட்கார்ந்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் வரதராசா, யாருக்காகவும் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டாத மனிதர்.

அதிகாரி கேட்டதை அவர் தமிழில் கேட்டார். “உங்கடை தம்பி பேர்சியை ஆமி சுட்டதுக்குச் சாட்சி இருக்கோ?”

அவள் காதில் என்ன விழுந்ததோ. “ஓம், காட்சி இருக்கு.”

அம்புறோஸ் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தான். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். சிலுவை, இரத்தம், தம்பியின் முகமாய் மாறிய யேசுவின் முகம், காலில் வார் அறுந்து ஊசி குத்திய ரப்பர் செருப்பு. வரதராசா ஒன்றுவிடாமல் ஜெர்மன் மொழியில் சொன்னார். பாவி மனிதன், செருப்பையாவது விட்டிருக்கலாம். அதிகாரி பேனையை மூடி வைத்தார்.

வரதராசா அதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். “எந்தக் கால் செருப்பு?”

மடக்கப் பார்க்கிறார் என்று அம்புறோஸ் பல்லைக் கடித்தான்.

“இடது. மாதா கோயில் வாசல்லை குனிஞ்சு ஊசி குத்திக்கொண்டு நிண்டவன். நிமிர விடேல்லை.”

“நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

“கோயில் கதவுக்குப் பின்னாலை.”

அம்புறோஸ் திகைத்துப் போனான். அன்றைக்கு வீட்டில் இருந்ததாகத்தான் இரண்டு வருடமாக அவனிடம் சொல்லியிருந்தாள்.

வரதராசா அதையும் அப்படியே சொன்னார். அதிகாரி மறுபடியும் பேனையைத் திறந்தார்.

பிறகு வரதராசா தண்ணீர்க் கிளாசை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீங்கள் கண்டது காட்சியில்லை, தங்கச்சி. நீங்கள்தான் சாட்சி.”