ஆந்திரா டவர்

தீனதயாளன் தொண்டையைச் செருமியதும் மகள் தேவிப்பிரியா தரையைப் பார்க்க ஆரம்பித்தாள். மனிதர் இனி லேசில் ஓயமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

போன் கம்பெனியின் திருத்தணிக் கிளை. கிருத்திகை என்பதால் வெளியே மொட்டைத் தலைகளும் காவடிகளுமாகத் தெரு அடைபட்டுக் கிடந்தது. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே, பேசுவதைக் கேட்கச் சம்பளம் வாங்குகிற மேலாளர் கௌதமன். இதைவிடத் தோதான சபை தீனதயாளனுக்குக் கிடைத்ததில்லை.

விஷயம் சிறிசுதான். தேவிப்பிரியாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. கல்விக் கடனுக்குப் போனால், பேங்க்கில் அப்பன் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய போன் பில் ஒன்று கட்டப்படாமல் நிற்கிறதாம். சிபில் ஸ்கோர் பாதாளத்தில் கிடக்கிறதாம். பாக்கி இல்லை என்று கம்பெனியிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் காலேஜில் பணம் கட்டாவிட்டால் சீட்டு வேறு யாருக்கோ போய்விடும்.

அந்தப் பழைய பில்லைக் கட்டித் தொலைத்துவிடலாமே என்று மகள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் மசியவில்லை. செய்யாத தப்புக்குத் தண்டம் கட்டுகிற வம்சம் இல்லையாம் அது. தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டார். அதற்குப் பதில் வந்திருக்கிறது என்றுதான் இன்று கூப்பிட்டிருந்தார்கள்.

பதிலைச் சொல்ல கௌதமன் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

சொந்த ஊரான பள்ளிப்பட்டில் டீக்கடை, சலூன், தறிக்கூடம் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் சொல்லித் தேய்ந்த கதை. எல்லைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் ஆந்திரா. வீட்டுக்குள் சும்மா கிடக்கிற போன் தானாகவே அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் ரோமிங். பேசினாலும் காசு, யாராவது கூப்பிட்டாலும் காசு. ஒரு மாத பில்லைப் பார்த்து அவருக்கு மயக்கமே வந்துவிட்டது.

"என் போனு ஆந்திராவுக்குப் போவலீங்க. ஆந்திராதான் எங்க வூட்டுக்குள்ள வந்துகினு இருந்துச்சு."

இந்த இடத்தில் ஊரில் எல்லோரும் சிரிப்பார்கள். கௌதமனும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு கொடுத்த தெம்பில் தீனதயாளன் எழுந்தே நின்றுவிட்டார். மலை இருக்கும் திசைக்குத் திரும்பிக் கையை உயர்த்தி, அந்த மாதம் முழுக்க போன் வாசற்படி தாண்டவில்லை, முருகன் மேல் ஆணை என்றார். குரல் பிசிறடிக்கவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம்.

கௌதமன் பொறுமையாக அவரை உட்காரச் சொன்னார். அந்த வட்டாரத்திலிருந்து இதே மாதிரி நிறையப் புகார்கள் வந்தனவாம். தலைமை அலுவலகத்தில் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் பள்ளிப்பட்டு டவர், மறு நிமிடம் ஆந்திரா டவர், திரும்பவும் பள்ளிப்பட்டு. பகலெல்லாம் அப்படித்தான் மாறி மாறி விழுந்திருக்கிறது. மனுஷனுக்கு றெக்கை இருந்தாலும் அந்த வேகத்தில் எல்லை தாண்டித் திரும்ப முடியாது.

"நீங்க சொன்னதுதாங்க நெசம். போனு உங்க தெருவ வுட்டு நகரவேயில்ல."

பில் ரத்து. தவறு கம்பெனியுடையது. கடிதம் அச்சாகி மேசைக்கு வந்தது. பேங்க்கில் இதைக் காட்டினால் போதும், சிபிலிலிருந்தும் பெயரை எடுக்கச் சொல்லி எழுதியாகிவிட்டது என்றார் கௌதமன். கை நீட்டி வாழ்த்தும் சொன்னார்.

தீனதயாளன் அந்தக் கையைப் பிடித்தார். விட மறந்துவிட்டார்.

கடிதத்தை எடுத்துப் படித்த தேவிப்பிரியா சிரிக்கவில்லை. இரண்டாவது முறையும் படித்தாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"அப்போ அக்கா நெசந்தான் சொல்லிச்சா, நைனா?"

அந்த மாதம் தீனதயாளன் ஊரில் இல்லை. லுங்கி வியாபாரத்துக்காக வடக்கே போயிருந்தார். போன் வீட்டில் பெரியவள் சுசித்ராவிடம் இருந்தது. காலேஜ் லீவில் இருந்தாள். அவர் திரும்பி வந்து பில்லைப் பிரித்தால், நாள் தவறாமல் ஆந்திரா.

எவனோடு போய்ச் சுற்றினாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நான் எங்கேயும் போகவில்லை நைனா, வீட்டுக்குள்ளேயே அந்த டவரைத்தான் எடுக்கிறது என்று அவள் அழுதாள். கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தேவிப்பிரியாவுக்கு அப்போது ஆறு வயது.

சுசித்ரா அதற்குப் பிறகு காலேஜுக்குப் போகவில்லை. பெண்டாட்டி செத்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த தாய்மாமனுக்கு, மறு மாதமே அவளைக் கட்டிவைத்தார். அவள் அப்பாவோடு பேச்சை விட்டு வருடங்கள் ஆகின்றன.

அவள் அழுதுகொண்டே சொன்னதைக் கம்பெனிக்காரனிடம் சொல்வதற்கு வாகான பொய் என்று எடுத்து வைத்துக்கொண்டார். ஊர் சிரிக்க ஊர் சிரிக்க அதற்கு மெருகு ஏற்றினார்.

இன்று காலை மலையைப் பார்த்து ஆணையிட்டபோதுகூட, தீனதயாளன் அதில் ஒரு வார்த்தையையும் நம்பியிருக்கவில்லை.